புதுக் கத்தியின் பூட்டு எங்கே நிற்க வேண்டும்?

புதிதாக ஒரு மடக்குக் கத்தி கைக்கு வந்ததும் அதை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூட்டுத் தகடு அலகின் அடியில் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்ப்பது கத்திப் பிரியர்களின் வழக்கம். 30 சதவீதம் என்றால் அருமை, 50 என்றால் பரவாயில்லை, 70 என்றால் திருப்பி அனுப்பிவிடு என்று ஒரு வாய்ப்பாடே புழங்குகிறது. அதை நம்பி நல்ல கத்தியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. விரல்மேல் மடங்கக்கூடிய கத்தியை, “30 சதவீதம்தானே, ஓடிப் பழகினால் சரியாகிவிடும்” என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு; என் கவலை அவர்களைப் பற்றித்தான் அதிகம். பூட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்கிறதா, அழுத்தம் வந்தாலும் அங்கேயே நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பழகப் பழகச் சரியாகும் குறை எது, எத்தனை நாள் பழக்கினாலும் சரியாகாத குறை எது என்று பிரித்துப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

மிகப் பரவலாகக் கிடைக்கும் லைனர் லாக், ஃப்ரேம் லாக் இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கைப்பிடியின் உள்தகட்டில் நீளவாக்கில் ஒரு பட்டையை வெட்டி, உள்நோக்கி வளைத்து விட்டிருப்பார்கள். கத்தி மூடியிருக்கும்போது அலகு அந்தப் பட்டையை ஒதுக்கி வைத்திருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் பட்டை தன் இழுவிசையில் உள்ளே வந்து, அலகின் அடிக்குப் பின்னால் விழும். அலகின் அடி நேராக வெட்டப்பட்டிருக்காது, சற்றே சாய்ந்திருக்கும். கதவுக்கு அடியில் ஆப்பு செருகுவதுபோலப் பட்டையின் நுனி அந்தச் சாய்வில் ஏறி இறுகிக்கொள்கிறது. ஆக, விரிந்த அலகு மூன்று இடங்களில் பிடிபட்டிருக்கிறது: அது சுழலும் அச்சு, விரிந்து போய் முட்டும் தடைமுளை, பூட்டு ஏறி நிற்கும் சாய்முகம். மூன்றும் ஒன்றையொன்று இறுக்கினால் அலகில் ஆட்டம் இருக்காது. எங்கோ ஒன்று தளர்ந்தாலும் ஆட்டம் கையில் தெரிந்துவிடும்.

உள்தகட்டைப் பிளந்து பூட்டாக்கும் யோசனை பழையது. நியூயார்க் மாநிலத்தின் காட்டராகஸ் கம்பெனி செய்த கத்திகளோடு தொடர்புடைய 1906ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே அது வந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவினர் வைத்திருந்த டி.எல்.-29 கத்தியில் ஸ்க்ரூ டிரைவர் அலகைத் தாங்கியதும் இந்த வகைத் தகடுதான். அந்தக் கத்திகளில் கைப்பிடியின் முதுகில் ஒரு வில்லும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் அந்த முதுகு வில்லை எடுத்துவிட்டுப் பூட்டும் வேலை முழுவதையும் உள்தகட்டிடம் கொடுத்தார். மூடிய அலகு தானாக வெளியே வராமல் இருக்கத் தகட்டில் ஒரு சிறு குண்டைப் பதித்தார். 1987இல் கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் இன்னொரு படி போனார். தனித் தகடு எதற்கு என்று டைட்டானியக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே வெட்டிப் பூட்டாக்கினார். அதில் கத்தியை இறுகப் பிடிக்கும் விரல்களே பூட்டை உள்நோக்கித் தள்ளுகின்றன. ஃப்ரேம் லாக் என்று இன்று சொல்வதெல்லாம் இந்த வழி வந்தது.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். அந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பூட்டுத் தகட்டின் தடிமனில் எவ்வளவு பங்கு அலகின் அடிமேல் வந்திருக்கிறது என்று கணக்கிடுவது ஒரு முறை. அலகின் அடியின் அகலத்தில் எவ்வளவு தூரத்தைத் தகடு கடந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. தகடு 1.2 மி.மீ. தடிமன், அலகின் அடி 3 மி.மீ. அகலம், தகடு 0.9 மி.மீ. உள்ளே வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் அது 75 சதவீதம், இரண்டாவது கணக்கில் 30. ஒரே கத்திக்கு ஒருவர் பதறுவார், ஒருவர் பாராட்டுவார்.

முதல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எண்கள் ஏமாற்றும். 3 மி.மீ. தடிமனான ஃப்ரேம் லாக் 30 சதவீதம் ஏறியிருந்தால் உலோகத்தை உலோகம் தாங்கும் அகலம் 0.9 மி.மீ. 1.2 மி.மீ. தகடுள்ள லைனர் லாக் 60 சதவீதம் ஏறியிருந்தாலும் அந்த அகலம் 0.72 மி.மீ.தான். சதவீதத்தில் பாதியாக இருப்பது நிஜத்தில் அதிகமாகப் பற்றியிருக்கிறது. ஆகவே வேறு வேறு கத்திகளைச் சதவீதத்தால் ஒப்பிடுவது பயனற்றது என்பது என் துணிபு. ஒரே கத்தியை இன்றைக்கும் ஆறு மாதம் கழித்தும் ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

அப்படி ஒப்பிடும்போதும் சாய்வின் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தப் பூட்டுகளின் சாய்வு பெரும்பாலும் 7 முதல் 10 பாகைக்குள் இருக்கும். 8 பாகைக்கு டேஞ்சென்ட் 0.14. அதாவது, சாய்முகத்தில் 0.01 மி.மீ. தேய்ந்தால் அந்த இடைவெளியை நிரப்பத் தகடு 0.07 மி.மீ. உள்ளே நகர வேண்டும். தேய்மானத்தை ஏழு மடங்காகப் பெருக்கிக் காட்டும் அமைப்பு இது. கண்ணுக்கே தெரியாத தேய்மானம் 3 மி.மீ. தகட்டில் 2 சதவீத நகர்வாகவும், 1.2 மி.மீ. தகட்டில் 6 சதவீத நகர்வாகவும் தெரியும். புதுக் கத்தியின் பூட்டு முதல் சில வாரங்களில் கண்ணெதிரே உள்ளே போவதைப் பார்த்து, “இப்படியே போனால் வருடக் கடைசியில் என்ன ஆகும்” என்று பயப்படுகிறார்கள். அங்கே தேய்ந்தது எந்திர வெட்டின் மேடுகள் மட்டும்தான். மேடு அமர்ந்து, தொடும் பரப்பு விரிந்ததும், அதே சுமை பெரிய இடத்தில் பரவுவதால் நகர்வு மெதுவாகி, பிறகு ஏறக்குறைய நின்றுவிடும்.

அதே கணக்கு தைரியமும் தருகிறது. 3 மி.மீ. அகலமான அடியில் பூட்டு 0.9 மி.மீ. வந்திருந்தால், எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட அது இன்னும் 2 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஏழால் வகுத்தால், அதற்குக் கிட்டத்தட்ட 0.3 மி.மீ. உலோகம் தேய வேண்டும். அன்றாடம் அட்டைப்பெட்டி பிரிக்கவும் பழம் நறுக்கவும் பயன்படும் கத்தி அவ்வளவு தேய்வதற்குள் அலகே சாணை பிடித்துப் பிடித்து மெலிந்திருக்கும். பாதியைத் தாண்டி நிற்கும் பூட்டு ஆயுள் முடிந்த பூட்டு என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. செபென்சாக்களில் பாதிக்கு மேல் வந்து நிற்பது சாதாரணம். அவை அப்படியே பல ஆண்டுகள் வேலை செய்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தகடு உள்ளே போகப் போக அதன் வளைவு தளர்கிறது, உள்நோக்கித் தள்ளும் விசையும் குறைகிறது. புதிதிலேயே எதிர்ப்பக்கத்தைத் தொட்டு நிற்கும் பூட்டை ஏற்றுக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். தேய்ந்தால் நகர அதற்கு இடமே இல்லை.

சாய்வு ஏன் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். அலகின் முதுகில் அழுத்தம் வரும்போது சாய்முகம் தகட்டைப் பின்னோக்கி நெருக்குவதோடு, பக்கவாட்டில் வெளியேயும் தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுப்பது பெரும்பாலும் உராய்வு. உராய்வுக் கெழு சாய்வின் டேஞ்சென்டைவிடப் பெரிதாக இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் தகடு வழுக்காது. 8 பாகைக்கு வேண்டியது 0.14. உலர்ந்த உலோகங்களுக்கு இடையே அதைவிட நல்ல அளவு அதிகமான உராய்வு உண்டு. கிரீஸோ எண்ணெயோ படிந்த முகத்தில் அது இந்த எல்லையின் பக்கத்திலேயே வந்துவிடும். 12 பாகை என்றால் தேவை 0.21 ஆகிவிடுகிறது, எண்ணெய் பட்டால் அந்தப் பூட்டு நழுவ வாய்ப்பு உண்டு. மறுபக்கம், சாய்வு மிகவும் குறைந்தால் ஆப்பு இறுகிப்போய், மூடும்போது கட்டைவிரல் நோகத் தள்ள வேண்டியிருக்கும். சிறு தேய்மானத்துக்கும் தகடு நெடுந்தூரம் ஓடும். நல்ல தயாரிப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடத்தைப் பிடிக்கிறார். சதவீதத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே சோதனையின் முதல் வேலை துடைப்பது. தொழிற்சாலையிலிருந்து வரும் கத்தியில் துருவுக்குப் பயந்து பூசிய எண்ணெய் எல்லா இடத்திலும் இருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, அலகின் சாய்முகத்தையும் தகட்டின் நுனியையும் துடைத்தால் பஞ்சில் சாம்பல் நிறக் கறை வரும். கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அடுத்தது, தொடும் இடத்தைப் பார்ப்பது. வால்வு பொருத்தும் பட்டறைகளில் ப்ளூ மேட்சிங் என்பார்கள். ஒரு முகத்தில் நீல மை தடவி, மற்றதோடு சேர்த்து, மை எங்கே அழிகிறது என்று பார்ப்பார்கள். கத்திக்குச் சாதாரணக் கறுப்பு மார்க்கர் பேனா போதும். சாய்முகம் முழுவதும் கறுப்பு பூசி, காயவிட்டு, அலகை மெதுவாக விரித்துப் பூட்ட வேண்டும். பிறகு மூடிவிட்டு, மறுபடி பாதி விரித்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கறுப்பின் நடுவே உலோகம் பளிச்சென்று ஒரு கோடாகவோ திட்டாகவோ தெரியும். சாய்முகம் முழுவதும் தொட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அச்சிலிருந்து எட்ட இருக்கும் ஓரத்தில், தகடு ஏறிய அகலம் முழுவதும் ஒரே சீராக ஒரு கோடு விழுந்தால் அதுதான் நல்ல பூட்டு. அச்சை ஒட்டிய ஓரத்தில் மட்டும் தொட்டால் சந்தேகப்பட வேண்டும். ஒரு மூலையில் ஊசிமுனை போல ஒரு புள்ளி மட்டும் விழுந்தால், அந்தப் புள்ளி வேகமாகத் தேயும், பூட்டு வேகமாக உள்ளே ஓடும்.

அச்சிலிருந்து தள்ளித் தொடுவது ஏன் நல்லது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். அச்சிலிருந்து 80 மி.மீ. தூரத்தில் அலகின் முதுகில் 10 கிலோ அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டு அச்சிலிருந்து 8 மி.மீ. தூரத்தில் தொட்டால் அதன்மேல் விழுவது 100 கிலோ. 6 மி.மீ.யில் தொட்டால் 133. இரண்டு மில்லிமீட்டரில் சுமை மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. அலகின் நுனியில் தெரியும் ஆட்டமும் அப்படியே பெருகுகிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியமானது. அலகை ஒருமுறை மிக மெதுவாக, ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை மணிக்கட்டைச் சொடுக்கி விரைவாக விரித்து, பூட்டு நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விரைந்து விரித்தால் ஆப்பு சற்று ஆழமாக இறங்குவது இயல்பு. மெதுவாக விரித்ததற்கும் வீசி விரித்ததற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கலாம். ஆனால் ஒரே வேகத்தில் விரிக்கும்போதே ஒரு முறை 25, ஒரு முறை 45, ஒரு முறை விளிம்பில் என்று மாறி மாறி நின்றால் சாய்முகமோ, அச்சோ, தடைமுளையோ பிழையாக இருக்கிறது. அந்தக் கத்தி 40 சதவீதம் என்று காட்டும் நாளிலும் அதை நம்ப முடியாது.

ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அலகு இடவலமாக ஆடினால் அது அச்சின் விஷயம். டி8 டார்க்ஸ் சாவியால் அச்சுத் திருகைச் சிறிது முறுக்கினால் பெரும்பாலும் போய்விடும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் விஷயம். அச்சை எவ்வளவு இறுக்கினாலும் அது மறைந்ததுபோலத் தோன்றுமே தவிர, போகாது. இறுக்கிய அச்சின் உராய்வு ஆட்டத்தை மூடி மறைக்கிறது. அதனால் மேல்கீழ் ஆட்டத்தைச் சோதிக்கும்போது அச்சு, அலகு தாராளமாகச் சுழலும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். மூடிய அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் சரிநடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதில் பலர் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள். தகட்டில் உரசாதவரை அது அழகு சம்பந்தப்பட்டது; பூட்டின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கடைசியாக அழுத்தச் சோதனை. கத்தியின் முதுகை மரக்கட்டையில் ஓங்கித் தட்டி, பூட்டு நழுவுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதை நான் ஒப்புவதில்லை. தட்டும்போது தகடு ஒரு கணம் துள்ளுகிறது. நல்ல பூட்டும் எப்போதாவது விட்டுவிடலாம், மோசமான பூட்டும் எப்போதாவது தாங்கிவிடலாம். தட்டத் தட்டச் சாய்முகம் நசுங்கி, சோதனையே கத்தியைக் கெடுக்கிறது. அதைவிட, வாய்ப்பக்கத்தில் கனமான டேப்பை நாலைந்து சுற்று ஒட்டிவிட்டு, விரல்கள் அலகு மடங்கும் பாதையில் வராதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, அலகின் முதுகைப் பலகைமேல் வைத்துச் சீராக, கூட்டிக் கூட்டி அழுத்த வேண்டும். கண் பூட்டின் மேலேயே இருக்க வேண்டும். அழுத்தத்தில் தகடு வெளிப்பக்கமாக ஒரு நூலளவு நகர்ந்தாலும் அந்தக் கத்தி வேலைக்கு ஆகாது. லைனர் லாக்காக இருந்தால் அழுத்தியபடியே கைப்பிடியை லேசாக முறுக்கியும் பார்க்க வேண்டும். மெல்லிய தகடு முறுக்கலில்தான் விட்டுக்கொடுக்கும். அலகில் எடையைத் தொங்கவிட்டுக் காட்டும் கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் காணொளிகள் வடிவமைப்பின் பலத்தைக் காட்டுபவை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கத்தி சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன சதவீதப் பேச்சு எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. அம்னும்ஸான், செபென்சா 31 போன்ற கிறிஸ் ரீவ் கத்திகளில் தகட்டின் நுனியில் ஒரு பீங்கான் குண்டு இருக்கிறது. சாய்முகத்தைத் தொடுவது அதுதான். அங்கே தகடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துக் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. குண்டு சாய்முகத்தின் மேல் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. டைட்டானியத் தகட்டின் நுனியில் எஃகுத் துண்டு திருகப்பட்ட கத்திகளில் எஃகோடு எஃகு உரசுவதால் நகர்வு குறைவு. அந்தத் துண்டைத் தாங்கும் குட்டித் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பைடர்கோவின் கம்ப்ரஷன் லாக்கில் தகடு அலகின் அடிக்கும் தடைமுளைக்கும் நடுவே நுழைந்து நசுங்கி நிற்கிறது. அங்கே தகடு முளையின் கீழ் முழுதாகப் போயிருக்கிறதா என்று கைப்பிடியின் முதுகுப்பக்கம் பார்க்க வேண்டும். பெஞ்ச்மேட் 1998இல் 710ஆம் மாடலில் கொண்டுவந்த ஆக்ஸிஸ் லாக்கில் ஒரு குறுக்குக் கம்பி அலகின் அடிமேல் ஏறுகிறது. கம்பியின் இரு முனையும் ஒரே அளவு முன்னால் வந்திருக்கிறதா, இருபக்க வில்களும் ஒரே வலுவில் இழுக்கின்றனவா என்பதே அங்கே கவனிக்க வேண்டியது.

1960களில் பக் 110 பிரபலமாக்கிய லாக்பேக் முற்றிலும் வேறு. கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பு அலகின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. விரித்த நிலையில் நெம்பின் முதுகு கைப்பிடியின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே துருத்தி நின்றால் பள்ளத்தில் முழுதாக இறங்கவில்லை, தூசியோ பிசிறோ தடுக்கிறது என்று அர்த்தம். இந்த வகையில் இலேசான மேல்கீழ் ஆட்டம் நல்ல கம்பெனிக் கத்திகளிலும் இருக்கும். பூட்டின் பத்திரத்தை அது பாதிப்பதில்லை என்பதால் அதை நான் குறையாக எண்ணுவதில்லை. அந்த ஆட்டத்தையும் ஒழிக்கத்தான் ஆண்ட்ரூ டெம்கோ நெம்புக்கும் அலகுக்கும் இடையே ஒரு தடைமுளையை வைத்து ட்ரை-ஆட் லாக்கை உருவாக்கினார். பிரான்சின் சவ்வா மலைநாட்டில் 1890இல் தோன்றிய ஓப்பினெல் கத்திக்கு 1955இல் வளையப் பூட்டு வந்தது. மரக் கைப்பிடி ஈரத்தில் ஊதுவதால் புது ஓப்பினெல் சில நாள் இறுகிக்கொள்ளும். கைப்பிடியின் பின்முனையைக் கட்டையில் தட்டி அலகை வெளியே வரவைப்பது அவ்வூர் வழக்கம். தேயத் தேய வளையத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் அது மறுபடி இறுகிவிடுகிறது.

இனி பழக்குவதைப் பற்றி. புதுக் கத்தி பழகுகிறது என்னும்போது மூன்று வேறு இடங்களில் மூன்று வேறு காரியம் நடக்கிறது. முதலாவது அச்சு. பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் உள்ள கத்தியில் வாஷரின் சொரசொரப்பு மழுங்கி, கெட்டியான கிரீஸ் பரவி, அலகு இளகுகிறது. அந்த வேளையில் அச்சு கொஞ்சம் தளர்வது இயல்பு. எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாக முறுக்கிப் பார்த்துச் சரிசெய்யலாம். பேரிங் உள்ள கத்தி பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வழுக்கிக்கொண்டு வரும். அதில் பழக்க வேண்டியது குறைவு. இரண்டாவது, மூடிய அலகைப் பிடித்துவைக்கும் குண்டு. அது அலகின் பக்கவாட்டில் ஒரு வில்வடிவக் கோடு கீறும். புதுக் கத்தியில் கீறல் விழுந்துவிட்டது என்று வருந்த வேண்டாம்; எல்லா லைனர் லாக்கிலும் அது விழும். முதலில் மணல் உரசுவதுபோல இருக்கும், கோட்டில் சேரும் உலோகத் தூளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வழுவழுப்பாகிவிடும்.

மூன்றாவது பூட்டின் முகம். டைட்டானியக் கலவையின் கடினம் ராக்வெல் சி அளவில் 36ஐ ஒட்டியிருக்கும்; அலகின் எஃகு 58 முதல் 62 வரை. மென்மையானது தேய்ந்து கடினமானதன் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் டைட்டானியத்துக்கு ஒரு குணம் உண்டு: எஃகோடு உரசும்போது ஒட்டிப் பிய்யும். புது ஃப்ரேம் லாக்கை மூடப் போகும்போது பூட்டு பிடித்துக்கொண்டு, பிறகு கிரீச்சென்று விடுவது இதனால்தான். பென்சிலைச் சாய்முகத்தில் தேய்த்தாலோ மார்க்கர் மையைப் பூசினாலோ பிடிப்பு குறையும் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் பென்சில் கரி உராய்வைக் குறைக்கும் பொருள், இந்தப் பூட்டோ உராய்வால் நிற்பது. அழுத்தச் சோதனையில் அசையாமல் நின்ற கத்தியில் மட்டும் கரியைத் தேய்க்கலாம், தேய்த்த பிறகு அழுத்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சில கைவினைஞர்கள் மின்பொறியால் தகட்டின் நுனியில் கார்பைடைப் படியவைக்கிறார்கள். முகம் கடினமாகி, தேய்வும் ஒட்டுவதும் குறைகின்றன.

பழக்குவதற்கென்று டிவி பார்த்தபடி நூற்றுக்கணக்கான தடவை படார் படாரென்று விரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் அலகு தடைமுளையில் போய் அடிக்கிறது, பூட்டு தேவையற்ற ஆழத்துக்கு அறைபட்டு இறங்குகிறது. கத்தியை அதன் வேலைக்கே விட்டுவிடுவது மேல்: கயிறு, அட்டை, பழம், செடிக்கிளை. நிதானமாக விரித்து மூடி, சில வாரம் சட்டைப்பையில் இருந்தால் பழக வேண்டியது பழகிவிடும். அச்சுக்குள் பற்பசையோ ரப்பிங் காம்பவுண்டோ வைத்து ஓட்டுவது மிகத் தவறு. அந்தத் தேய்ப்புப்பொடி அச்சின் துளையையும் சேர்த்து அகலமாக்கும். அதில் வரும் ஆட்டத்தைத் திருகால் சரிசெய்யவே முடியாது.

பழகினால் சரியாகாதவை எவை? சாய்வின் பாகை பழகி மாறாது. துடைத்துவிட்டு அழுத்தும்போது நழுவும் பூட்டு, இடம் மாறி மாறி நிற்கும் பூட்டு, புதிதிலேயே மேல்கீழ் ஆடும் லைனர் லாக், முதல் நாளே எதிர்ப்பக்கத்தைத் தொட்டிருக்கும் பூட்டு ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விளிம்பை மட்டும் பற்றி நிற்கும் பூட்டு இடைப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அழுத்தத்தில் அசையாமல் இருந்தால் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அந்த வாரங்களில் குத்துவது, திருகுவது போன்ற வேலை எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சற்று உள்ளே வந்து நின்றுவிட்டால் நல்ல பூட்டு. நகரவே இல்லை, அழுத்தினால் அசையத் தொடங்குகிறது என்றால் உத்தரவாதக் காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

எந்த நிலையிலும் வீட்டில் அரத்தை எடுக்க வேண்டாம். அந்த ஏழு மடங்குக் கணக்கு இங்கேதான் கொல்லும். தகட்டின் நுனியில் 0.05 மி.மீ. அராவினால் பூட்டு 0.35 மி.மீ. உள்ளே ஓடும். கை ஒரு பாகை சாய்ந்தாலும் சீராக விழுந்த கோடு மூலைப் புள்ளியாக மாறிவிடும். பூட்டுப் பட்டையை வெளிப்பக்கம் அதிகமாக வளைப்பதும் அதே அளவு கெடுதல். அதன் இழுவிசை போய்விடும். ரிக் ஹிண்டரர் ஃப்ரேம் லாக்கின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தடையைத் திருகிவைத்தது, யாரும் பட்டையை அளவுக்கு மீறி வெளியே தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

கத்தி வந்த அன்றே, துடைத்த பிறகு, பூட்டு நிற்கும் இடத்தைச் செல்போனில் நெருக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதே கோணத்தில், அதே வேகத்தில் விரித்து, ஒரு மாதத்தில் ஒரு படம், ஆறு மாதத்தில் ஒரு படம். முதல் இடைவெளியில் நகர்வு தெரிந்து, இரண்டாவதில் ஏறக்குறைய நின்றிருந்தால் பூட்டு அமர்ந்துவிட்டது. இரண்டாவது இடைவெளியிலும் அதே வேகத்தில் ஓடினால் மார்க்கரை எடுத்துத் தொடும் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூலைப் புள்ளி ஒன்று இன்னும் கோடாக விரியாமல் இருக்கும். நடுவில் ஒருநாள் பூட்டு திடீரென்று முன்பைவிடக் குறைவாக ஏறி நின்றால், தேய்மானம் அப்படிப் பின்னோக்கிப் போகாது. சட்டைப்பையின் பஞ்சோ மண்துகளோ சாய்முகத்தில் ஒட்டியிருக்கிறது. துடைத்து, அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு அந்தக் கத்தியை எடுக்க வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றி மாட்டினால் அச்சும் தடைமுளையும் மறுபடி உட்காரும்போது பூட்டின் இடம் சிறிது மாறலாம். அன்றைய படத்தைப் புது வரிசையின் முதல் படமாக வைத்துக்கொண்டு, பழைய படங்களோடு ஒப்பிடுவதை விட்டுவிட வேண்டும்.